விதைக் கிழங்கைத் தின்ற வருடம்

போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து மண்டபத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது என் அம்மா எழும்பிச் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். கனடாவின் வடக்கே ரோட்டில்லாத ஒரு கிறீ பழங்குடி ஊரில் பயிர்க் கூடாரம் போடவும் விதைக் கிழங்கு வாங்கவும் இந்தத் தவக்காலக் காணிக்கையைக் கொடுக்கலாமா என்று ஃபாதர் கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். அம்மா தடியை ஊன்றி எழும்பினார்.

“நான் அங்கை இருந்தனான். உங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. நாங்கள் பசி கிடக்கேக்கை பக்கத்து வீட்டிலை வாத்து வாட்டினவை. ஒரு துண்டு தந்தவையோ? என்ரை மனிசன் அந்தப் பிள்ளையளுக்கெண்டு வைச்சிருந்த விதைக் கிழங்கை நாங்களே திண்டு முடிக்குமட்டும் பாத்துக்கொண்டிருந்த சனம். உதுக்குக் காசு குடுக்கிறதெண்டால் என்ரை பேரை விட்டிடுங்கோ.”

அங்கே வாழ்ந்த மனுஷி சொல்லும்போது வாழாத நீங்கள் என்ன சொல்வது? முடிவை அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தார் ஃபாதர். நான் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கஞ்சிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஐம்பது தாண்டியும் வாய் திறக்காத கழுதை நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முதல் நீங்கள் இதை வாசித்துவிட வேண்டும்.

நாமெல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர். முழங்கால் நோவு, பிள்ளைகளின் கலியாணக் கவலை, மருமக்களைப் பற்றிய புறணி என்று ஒன்றையும் நான் உங்களிடம் மறைத்ததில்லை. இந்த ஒன்றைத்தான் மறைத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரில் கணக்குப் படிப்பித்த அப்பாவுக்கு ரொறன்ரோவில் ஒரு பள்ளிக்கூடமும் கதவு திறக்கவில்லை. வடக்கே ஆசிரியர் வேலை இருக்கிறது என்றார்கள். வெக்ஸ்போர்டில் இருந்த ஒற்றை அறையைக் காலிசெய்துவிட்டு அப்பா, அம்மா, நான், இரண்டு வயதுத் தம்பி நால்வரும் ஒரு சின்னப் பிளேனில் போய் இறங்கினோம். பெரிய ஆறு, அதன் கரையில் வரிசையாகப் பலகை வீடுகள், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை. பனிக்காலத்தில் மட்டும் உறைந்த ஆற்றுக்கும் சதுப்புக்கும் மேலால் லொறி வரும். பனிக்காலம் முடிந்தால் அந்தப் பாதையும் உருகிவிடும். பிறகு பிளேன் கொண்டுவருவதுதான் சாப்பாடு.

அந்தக் கடையின் மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மண்ணெண்ணெய், ஈரக் கம்பளி, வாடின முட்டைக்கோவா. கரட்டை விரலில் சுற்றலாம், அவ்வளவுக்குத் துவண்டிருக்கும். அப்பா கடையால் வந்தால் சாமானைவிடப் புறுபுறுப்புத்தான் அதிகம் கொண்டுவருவார்.

“இஞ்சை ஆறு கிடக்கு, மண் கிடக்கு. கோடையிலை இரவு பத்து மணி மட்டும் வெய்யில் கிடக்கு. கிழங்கு பிளேனிலைதான் வரவேணுமெண்டு ஆர் சொன்னது?”

முந்தி மிஷன் சுவாமிமார் அங்கே கிழங்கு போட்டு எடுத்தவர்கள் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் பனிக்காலத்தின் கடைசி லொறியில் ஒரு சாக்கு விதை உருளைக்கிழங்கு வந்து இறங்கியது. குளிரில் கெட்டுவிடக் கூடாது என்று சாக்கு அப்பா அம்மாவின் கட்டிலுக்குக் கீழே போனது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கினார். என் வகுப்பில் இருபது பிள்ளைகள். நிலத்தில் ஆளுக்கு ஒரு வரி. வரியில் நடுவதற்காக ஒவ்வொருவரும் ஒரு கட்டைக் குச்சியில் தன் பெயரைப் பெயின்ற் பண்ணி அப்பாவிடம் கொடுத்தோம். அவர் அவற்றை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு மேசையில் வைத்தார். சும்மா இருக்கும் நேரத்தில் ரின்னைத் திறந்து குச்சிகளைப் பார்ப்பார். பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து முளை வந்துவிட்டதா என்று பார்ப்பார்.

என் வரிக்குப் பக்கத்து வரி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. அவள்தான் அந்த ஊரில் என் சிநேகிதி.

அவளுடைய அம்மாவை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் பொறி வைப்பவர், வேட்டைக்காரர். அவர் வெறுங்கையோடு வராத நாளெல்லாம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வரும். வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு நீலப் பானையில் மீன், முயல், மூஸ் மான் இறைச்சி. அன்ரி கதவைத் தட்டவும் மாட்டார். வருவார், பானையை மேசையில் வைப்பார், நாலு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பார், போவார். அம்மாவின் இங்கிலிஷும் அரைகுறை, அவருடையதும் அரைகுறை. இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. வெறும் பானையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா ரொட்டியோ வடையோ, எதையாவது போட்டுத்தான் அனுப்புவார். தூக்கிக்கொண்டு போவது நான்.

அந்தத் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முதல் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மாவின் தம்பியை, என் மாமாவை, ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தெரியாது. அம்மா கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு நேர்த்தி வைத்தார். அவன் உயிரோடு வரவேண்டும். அதுக்காக, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இந்த வீட்டுக்குள் மச்சம் படாது. இறைச்சி மட்டுமல்ல, மீனும் முட்டையும் கூட. அப்பா பருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

மூன்றாம் கிழமையில் ஒரு பின்னேரம் சிநேகிதி நீலப் பானையோடு வந்து நின்றாள். அம்மா தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“பீவர்,” என்றாள் சிநேகிதி. “நீங்கள் இறைச்சி சாப்பிடுறேல்லை எண்டு அம்மாவுக்குத் தெரியும். பழைய சுவாமிமார் பீவரை மீன் கணக்கெண்டுதான் சொன்னவையாம். அதுதான் அம்மா இதைத் தந்துவிட்டவ.”

சொல்லிவிட்டுப் பானையை என் கையில் தந்துவிட்டு ஓடிவிட்டாள். பீவர் தெரியும்தானே உங்களுக்கு, ஆற்றில் அணை கட்டுகிற, எங்கள் ஐந்து சதக் காசில் இருக்கிற பல்லுக்காரர். அம்மா மூடியைத் திறந்தார். கறுத்த இறைச்சி, மேலே தடித்த கொழுப்பு, மரப்புகை மணம்.

“நாலு காலிலை நடக்கிறது எந்த ஊரிலை பிள்ளை மீன்?” என்றார் அம்மா. “மீனெண்டாலும் எங்களுக்கு மச்சம்தானே. என்ரை மாதாவே, இதை நான் என்ன செய்ய?”

வீட்டில் இரண்டு தோடம்பழம், இங்கே பிள்ளைகள் ஒறேஞ்ச் என்கிறதுகளே, அது இருந்தது. முதல் நாள் பிளேனில் வந்தவை. அதில் பெரியதை எடுத்து மூடியின் மேல் வைத்துத் துணியால் கட்டினார்.

“கொண்டுபோய் அன்ரியின்ரை கையிலை குடு. மாமாவுக்காக நேர்த்தி வைச்சிருக்கிறம், அதாலைதான் எண்டு சொல்லு. உயிர்த்த ஞாயிறு முடிய நாங்களே வந்து சாப்பிடுவம் எண்டு சொல்லு. பழம் பிள்ளையளுக்கெண்டு சொல்லு. மறந்துபோடாதை.”

எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு விறகுக் குவியல். அதற்குப் பின்னால் நான் குந்தினேன். மணந்து பார்ப்போம் என்றுதான் துணியை அவிழ்த்தேன், சத்தியமாக. நகம் பட்டுத் தோல் கிழிந்துவிட்டது. கிழிந்ததைக் கொடுக்க முடியாதே என்று ஒரு சுளை. பிறகு இன்னொன்று. சாறு கன்னத்தில் வழிந்து குளிரில் விறைத்தது. பழம் முடிந்ததும் தோலைப் பனிக்குள் புதைத்தேன். கையை முகர்ந்தேன். இரண்டு கையும் தோடம்பழம். பனியில் தேய்த்தேன், போகவில்லை. இந்தக் கையோடு கதவைத் திறந்தால் அன்ரிக்கு மணக்கும், பழம் எங்கே என்று கேட்பார். பானையை அவர்கள் படியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

“என்ன சொன்னவ?” என்று கேட்டார் அம்மா.

“சரியாம்,” என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இவ்வளவும்.

கொஞ்ச நேரத்தில் நாய்ச் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தேன். மூன்று நாய்கள். பானை உருண்டு கிடந்தது. அன்ரி கோட்டும் போடாமல் ஓடிவந்து நாய்களைக் கலைத்தார். பிறகு, இதுதான் என்னை இன்றைக்கும் விடாத காட்சி, பனியில் முழங்காலில் இருந்து எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டை மடியில் போட்டார். இருட்டுப் படும்வரைக்கும் தேடினார். தேடியபடியே ஒருமுறை எங்கள் வீட்டைப் பார்த்தார்.

எனக்குப் பின்னால் அம்மா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“பாத்தியே,” என்றார். “இவ்வளவு தன்மையாச் சொல்லி அனுப்பியும் கோவம். நாங்கள் வேண்டாமெண்ட சாப்பாட்டை எங்கட கண்ணுக்கு முன்னாலை நாய்க்குப் போட்டிட்டா.”

அங்கே அன்ரியும் எங்களைப் பற்றி அதையேதான் நினைத்திருப்பார் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நான் ஒருவரிடமும் பிடிபடவில்லை. நிம்மதியாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறு வந்தது. அம்மா பால்ரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க வாசலைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. நாங்களாகவும் போகவில்லை. வகுப்பில் சிநேகிதி வேறு வாங்கில் போய் இருந்தாள்.

பிறகு ஆறு உடைந்தது. ஐஸ் உடைகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? லொறி லொறியாகக் கல்லுக் கொட்டுகிற சத்தம், இரவு பகலாக. அதோடு மழையும் பனிப்புகாரும். பிளேன் இறங்கும் மண் பாதை சேறாகிவிட்டது. வாத்து வேட்டைக்காகப் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தார்கள். மற்ற ஆசிரியர்கள் அதற்கு முதலே தெற்கே போய்விட்டார்கள். ஊர்ச்சனம் முகாம்களுக்குப் போய்விட்டது. பதினொரு நாள் பிளேன் வரவில்லை. கடையில் முதலில் பால்மா முடிந்தது, பிறகு கோதுமை மா, பிறகு பிஸ்கற். எங்கள் வீட்டில் அரிசி ஐந்தாம் நாள் முடிந்தது. வாரா வாரம் பிளேன் வருகிற நம்பிக்கையில் கூட வாங்கி வைக்காதது அப்பாவின் பிழை. அவரே அதைப் பல தடவை சொன்னார்.

முகாம்களிலிருந்து சனம் வாத்துகளோடு திரும்பியது. பக்கத்து வீட்டு முற்றத்தில் கூடாரம் அடித்து, நெருப்புக்குப் பக்கத்தில் வாத்துகளைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அவை சுற்றிச் சுற்றி வாடின. கொழுப்பு நெருப்பில் சொட்டுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. எல்லா வீட்டுக்கும் வாத்து போனது. கடைக்காரருக்கும் போனது, கோயிலுக்கும் போனது. எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. தம்பி யன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, “இச்சி, இச்சி” என்று அழுதான்.

“நான் போய்க் கேக்கட்டே?” என்றார் அப்பா.

“நாய்க்குப் போட்ட வீட்டிலையோ? கேட்டுத் தின்னுற பழக்கம் எங்களுக்கில்லை,” என்றார் அம்மா. யன்னலைச் சாத்தினார்.

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒரு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதானே. பிறகு அம்மா என்னை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பார். நான் திறக்கவில்லை.

அம்மா கட்டிலுக்குக் கீழிருந்து சாக்கை இழுத்தார்.

“அதிலை கை வையாதை,” என்றார் அப்பா. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “அது அந்தப் பிள்ளையளின்ரை.”

“இவன் ஆற்றை பிள்ளை?” என்றார் அம்மா, தம்பியைக் காட்டி.

அப்பா தானே போய்க் கத்தி எடுத்துவந்தார். கிழங்குகளில் ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி முளைகள். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். “ஆழமாத் தோண்ட வேணும், இல்லாட்டி வயித்துக்குக் கூடாது” என்று யாருக்கோ பாடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே தோண்டினார். உப்புப் போட்டு அவித்துச் சாப்பிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், நல்ல ருசியாக இருந்தது. காலையும் கிழங்கு, மத்தியானமும் கிழங்கு, இரவும் கிழங்கு. சாக்கு ஒவ்வொரு நாளும் சரிந்துகொண்டே வந்தது.

அந்த நாட்களில்தான் பனியும் கரைந்தது. ஒரு காலை விறகு எடுக்கப் போனால், குவியலுக்குப் பின்னால் என் தோடம்பழத் தோல் செக்கச்செவேல் என்று ஈரத்தில் கிடக்கிறது. முழு ஊருக்கும் தெரிகிற மாதிரி! அள்ளிக்கொண்டு ஓடிவந்து அடுப்புக்குள் போட்டேன். எரிந்தால் மணக்கும் என்று அந்த மண்டைக்கு எட்டவில்லை. வீடு முழுக்கத் தோடம்பழ மணம்.

அம்மா குசினியில் நின்று மூக்கை உறிஞ்சினார். “தோடம்பழம் மணக்குதப்பா,” என்றார் அப்பாவிடம். “பசியிலை எனக்கு மூக்கும் பிழைச்சுப் போச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் விறகறைக்குள் போய் இருந்து அழுதேன். அம்மா வந்து, பசியில் அழுகிறேன் என்று நினைத்துத் தன் பங்குக் கிழங்கில் பாதியைத் தந்தார். அதையும் தின்றேன்.

பன்னிரண்டாம் நாள் பிளேன் வந்தது. சாக்கின் அடியில் பத்துக் கிழங்கு மிஞ்சியிருந்தது. இருபது பிள்ளைகளுக்கு அதை எப்படிப் பிரிப்பது? கிழங்கு அழுகிப்போய்விட்டது என்று அப்பா வகுப்பில் பொய் சொன்னார். தின்றுவிட்டோம் என்று சொல்ல அவருக்கு வெட்கம். வடக்கில் கிழங்கு வளராது என்று தாங்கள் அப்பவே சொன்னதாகப் பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அப்பா அதற்கும் தலையாட்டினார். அந்த நிலத்தில் அந்த வருடம் ஒன்றும் முளைக்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததோடு அவர் வேலையை விட்டார்.

நாங்கள் புறப்பட்ட நாள் பிளேனடிக்குச் சிநேகிதி வந்தாள். அன்ரி தூரத்தில் நின்றார், கிட்ட வரவில்லை.

“உன்ரை அம்மா ஏன் பீவரை நாய்க்குப் போட்டவ?” என்று கேட்டாள். கோபமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “பீவர் எலும்பை நாய்க்குக் குடுக்கக் கூடாது. ஆத்திலைதான் திருப்பி விடவேணும். இல்லாட்டி பீவருக்குக் கோவம் வரும், அப்பான்ரை பொறிக்கு வராது. அம்மா எல்லாம் தேடினவ. ரெண்டு எலும்பு கிடைக்கேல்லை.”

அவளிடம்கூட நான் சொல்லவில்லை. அம்மா பிளேன் படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

மாமாவை அடுத்த வருடம் விட்டார்கள். இப்போது யூனியன்வில்லில் வீடு வாங்கி விற்கிறார். உங்களில் பாதிப் பேருக்கு வீடு பார்த்துத் தந்ததும் அவர்தான். நேர்த்தி பலித்தது என்று அம்மா ஒவ்வொரு தவக்காலமும் சொல்வார். அதோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுக்காரியின் கதையையும் சொல்வார். நாற்பது வருடமாக அந்த மனுஷியின் பெயர் ஸ்காபரோவிலும் மார்க்கம் பக்கமும் எத்தனை வீட்டு வரவேற்பறையில் கெட்டிருக்கிறது! ஒவ்வொரு முறையும் நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். அப்பா செத்த பிறகு எங்கள் ஸ்ரௌவ்வில் வீட்டு பேஸ்மென்ரில் அந்தப் பிஸ்கற் ரின் அகப்பட்டது. இருபது குச்சி. பெயின்ற் உதிரவில்லை. என்னுடையதையும் அவளுடையதையும் அப்பா ஒரு றப்பர் வளையம் போட்டு ஒன்றாகக் கட்டிவைத்திருந்தார்.

போன வெள்ளி வீட்டுக்குப் போகிற வழியில், காருக்குள், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ரீல்ஸ் ரோட்டைத் தாண்டியபோது கேட்டார்:

“பழத்தை முழுசாத் திண்டனியோ?”

“ஓம் அம்மா.”

“தம்பிக்கு ஒரு சுளை கொண்டுவந்திருக்கலாம்.”

அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார். “எங்கட நேர்த்தியை யோசிச்சு மீன் கணக்குப் பாத்தெல்லோ தந்துவிட்டவ,” என்றார். “அந்த மனிசி என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பா? நான் அவவைப் பற்றி என்னெல்லாம் கதைச்சுப்போட்டன். இண்டைக்குக் கோயில் மண்டபத்திலையும், தவக்காலத்திலை.”

வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இறங்கவில்லை.

“ஃபாதருக்குப் போன் அடிச்சுச் சொல்லு. வாற வெள்ளி நான் பேசவேணும்.”

“என்னம்மா சொல்லப்போறியள்?”

“நான்தான் படியிலை வைச்சிட்டு வாவெண்டு பிள்ளையை அனுப்பினனான், பிழை என்ரை எண்டு சொல்லுவன். நீ வாய் திறக்கக் கூடாது. எனக்கென்ன, நான் போற கட்டை. நீ இந்தச் சனத்தோடை இன்னும் கனகாலம் இருக்கவேணும்.”

நான் மறுத்தேன். கேட்கவில்லை. அம்மாவின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். கிழமை முழுக்க, சொல்லப்போவதைக் கட்டிலில் இருந்து பாடமாக்கிக்கொண்டிருக்கிறார். குசினிக்குக் கேட்கிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை கஞ்சி முடிந்ததும் அம்மா தடியை ஊன்றி எழும்புவார். அந்தப் பானையைத் தானே படியில் வைக்கச் சொன்னதாகச் சொல்வார். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். பிறகு விதைக் கிழங்குக்குக் கை உயர்த்தச் சொல்லி ஃபாதர் கேட்பார், உயர்த்துங்கள். அந்த ஊருக்கு நாங்கள் ஒரு சாக்குக் கிழங்கு கடன். பழத்தைத் தின்றதும் நான், பானையைப் படியில் விட்டுவிட்டு ஓடிவந்ததும் நான்.